மூன்று கைதட்டல்

சுக்ரே நகரத்தில் மதியம் பன்னிரண்டரைக்கு மேல் யாரும் சாகக் கூடாது. சவப்பெட்டிக் கடைக்காரர் இரண்டரை மணி வரை தூங்குவார். மேயர் தூங்குவார். நீதிபதிகளும் தூங்குவார்கள், அவர்கள் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த வீட்டுக்கு நான் குடிவந்தது அப்படி ஒரு மதியத்தில்தான். முதுகில் சுருட்டிய மெத்தை, கக்கத்தில் இரண்டு சட்டப் புத்தகம். தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர்கள் வெயிலைத் திருப்பித் திருப்பி வீசிக்கொண்டிருந்தன. குதிரையும் குதிரைமேல் ஆளும் சேர்ந்து நுழைவதற்காகச் செய்த பெரிய கதவு. அதற்குள் சாதாரண மனிதர்களுக்கு ஒரு குட்டிக் கதவு. அது திறக்கவில்லை. தோளால் இடித்ததும் சட்டென்று திறந்துகொள்ள, மெத்தையோடு உள்ளே போய் விழுந்தேன்.

உள்ளே இருட்டு.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு அது இருட்டாகவே தெரியவில்லை, ஒரு கறுப்புத் துணியை முகத்தில் போட்டதுபோல் இருந்தது. கல் பாவிய நீண்ட வாசல்நடை. ஈரச் சுண்ணாம்பு வாசனை. அதற்கடியில் பழைய தோல். அதற்கும் அடியில் ஆரஞ்சுத் தோல் போட்டுக் காய்ச்சிய தலைக்களிம்பு போல ஒன்று. யாரோ இப்போதுதான் தலைவாரிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனதுபோல.

அந்த வீட்டுக்கு மூன்று முற்றம். முதல் முற்றம் எசமானர்களுக்கு. இரண்டாவது வேலைக்காரிகளுக்கு. மூன்றாவது கழுதைகளுக்கு. இப்போது கழுதைகள் இல்லை, இரண்டாவது முற்றத்தில் மாணவர்கள் இருந்தோம். கழுதைகளின் இடம் காலியாக இருந்தும் எங்களை அங்கே தள்ளாததை வீட்டுக்காரம்மாவின் பெருந்தன்மை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் பெயர் தோன்யா கிளோதில்தே. மறைந்த எசமானர் தோன் எவரிஸ்தோவின் அண்ணன் மகள். எழுபது வயது, முத்துமாலை, ஒட்டுப்போட்ட காலுறை.

"கேளு பையா. ரூம்ல அடுப்பு கூடாது. பொண்ணுங்க வரக் கூடாது. மதியம் சத்தம் கூடாது" என்றார். பிறகு மாடியைப் பார்க்காமல் விரலை மட்டும் மேலே காட்டினார். "அங்க யாராவது கைதட்டுனா பதில் சொல்லக் கூடாது."

"மாடியில யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப யாரு கைதட்டுவாங்க?"

"அதனாலதான் பதில் சொல்லக் கூடாதுங்கறேன்."

சட்டக் கல்லூரியில் இதைவிட மோசமான வாதங்களுக்கு முதல் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் தலையாட்டினேன்.

கைதட்டிக் கூப்பிடுவது எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலைக்கிராமங்களிலிருந்து முறைவைத்து ஆட்கள் வந்து இந்த வீடுகளில் கூலியில்லாமல் வேலை செய்துவிட்டுப் போவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெயரை ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே. அதனால் கைதட்டல். ஆட்கள் இரவில் வாசல்நடையில், வெறுங்கல்லில், கதவுக்குப் பின்னால் படுப்பார்கள். நிலச் சீர்திருத்தம் வந்தது, பண்ணைகள் போயின. கைகள் மட்டும் எசமானர்களிடமே இருந்தன.

வாசல்நடைச் சுவரில் அதற்கு ஓர் அத்தாட்சி இருந்தது. உட்கார்ந்த மனிதர்களின் முதுகு உயரத்தில், தலை உயரத்தில், எண்ணெய் படிந்த கறை. வரிசையாக ஏழெட்டு. மே மாதத் திருநாளுக்கு முன்னால் நகரமே வெள்ளையடித்துக்கொள்ளும். இந்தச் சுவருக்கும் இரண்டு கை அடிப்பார்கள். ஒரு வாரத்தில் கறைகள் திரும்பி வந்து வரிசையாக உட்கார்ந்துகொள்ளும்.

கைதட்டல் முதல் வாரமே கேட்டது. மதியத் தூக்க நேரத்தில், மாடிக் கூடத்திலிருந்து. ஒரே ஒரு தட்டு. காய்ந்த கைகள். என் அறைத் தோழன் வலெரியோ கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"திரும்பிப் படுடா. அது தினசரி."

வலெரியோ சுரங்க ஊர்க்காரன். அவன் ஊரில் பேய்கள் மலைக்குள் உழைத்துக்கொண்டிருக்கும். கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சோம்பேறிப் பேயை அவன் மதிக்கவில்லை. நானும் திரும்பிப் படுத்தேன். மே மாதம் வரை ஒன்றும் நடக்கவில்லை.

நடந்ததற்கு நான்தான் காரணம். அப்போது கல்லூரியில் நான் ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்தினேன். பெயர் 'கழுதையின் கருத்து'. அந்த வாரம் துணைவேந்தரின் புதிய காரைப் பற்றி, அது ஓர் ஆராய்ச்சி உபகரணம் என்று அவர் தரப்பிலிருந்தே நிரூபித்து எழுதியிருந்தேன். மொத்தக் கல்லூரியும் சிரித்தது. அந்தப் போதையோடு மதியம் வீட்டுக்கு வந்து வாசல்நடையில் நுழைகிறேன், பின்னால் வலெரியோ. மேலே ஒரு தட்டு.

நான் தொப்பியைக் கழற்றி, தரையைத் தொடுமளவு குனிந்தேன்.

"இதோ வந்துட்டேன் எசமானே! காலடி மண்ணைத் தட்டுல வெச்சுக் கொண்டாரட்டுமா?"

வலெரியோ சிரித்தான். பிறகு நிறுத்தினான்.

மேலே ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ரொம்ப வருடமாக முன்னால் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்த யாரோ, திருப்தியாகப் பின்னால் சாய்ந்த சத்தம்.

மறுநாள் மதியம் நான் கட்டிலில் படுத்தேன். கண் விழித்தபோது வாசல்நடையில் இருந்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால், சுவரில் முதுகு சாய்த்து. என் தலைக்குப் பின்னால் இருந்த கறை என் தலைக்குச் சரியாக இருந்தது.

தைத்துக் கொடுத்ததுபோல.

தூக்கத்தில் நடக்கிறேன் என்றான் வலெரியோ. அன்று என் காலைக் கட்டிலோடு கட்டினான். சுரங்கக்காரன் முடிச்சு. அடுத்த நாள் முடிச்சு கட்டிலில் அப்படியே இருந்தது. நான் வாசல்நடையில் இருந்தேன்.

இரண்டாவது வாரம் கைதட்டல் இரண்டானது. அதே வாரம் சமையலறையில் கண்ணாடி டம்ளர்கள் குறைய ஆரம்பித்தன. தோன்யா கிளோதில்தே மாணவர்கள் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி விசாரித்தார். நான் முன்னால் வந்து, தலையைக் குனிந்து, "தப்பு எங்களோடதுதான் அம்மணி, மன்னிக்கணும்" என்றேன். அப்படிச் சொல்ல நான் நினைக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

வலெரியோ என்னை ஒரு மாதிரி பார்த்தான். அன்று மதியம் அவன் தூங்காமல் என் பின்னாலேயே வந்திருக்கிறான். நான் மூன்றாவது முற்றத்துத் தொட்டியில் டம்ளரில் தண்ணீர் மொண்டு, வெறுங்காலோடு மாடியேறினேனாம். முப்பது வருடமாகப் பூட்டியிருக்கும் கூடத்துக் கதவு எனக்குத் திறந்ததாம். அவனுக்குத் திறக்கவில்லை. சாவித் துவாரத்தில் கண் வைத்துப் பார்த்திருக்கிறான்.

"உள்ள ஒரு நாற்காலிடா. தோல் நாற்காலி. அதுக்கு முன்னாடி தரையில டம்ளரா அடுக்கி வெச்சிருக்கே. எல்லாத்துலயும் தண்ணி."

"அதுக்கென்ன இப்போ?"

"எல்லாத்துலயும் ஒரு வாய் குறையுது மச்சான்."

அப்போதும் நான் சொல்லிக்கொள்ளும்படி பயப்படவில்லை. பயந்தது வியாழக்கிழமை. வியாழக்கிழமைதான் 'கழுதையின் கருத்து' வெளிவரும் நாள். உட்கார்ந்து எழுதினேன், ஒட்டினேன், கொஞ்சம் தள்ளி நின்று படித்தேன். துணைவேந்தரின் தொலைநோக்கையும் எளிமையையும் அதில் மனதாரப் பாராட்டியிருந்தேன். கடைசி வரி: 'ஆகட்டும் ஐயா.'

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இதுவரை எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்றார்கள். சிரிக்காமல் நின்றவன் நான் ஒருவன்தான். அதில் கேலி ஒரு சொட்டுகூட இல்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

வீட்டை விட்டு ஓடிப் பார்த்தேன். ஊரின் மறுகோடியில் ஒரு நண்பன் அறையில் படுத்தேன். மதியம் வெறுங்காலோடு எழுந்து, சந்தை வழியாக, எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் "எசமானே, எசமானே" என்று ஒதுங்கி வழிவிட்டு, அந்தக் கதவுக்கே வந்துவிட்டேன். வழியில் என் வகுப்புப் பெண்கள் இருவர் கைதட்டிப் பாராட்டினார்கள், தெருக்கூத்து என்று நினைத்து. அவர்கள் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் என் முதுகு கொஞ்சம் குனிந்தது.

வலெரியோ வீட்டுக்காரம்மாவை மடக்கினான். அவர் முத்துமாலையை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"முன்னாடி ஒரு பையன் இருந்தான். பல் டாக்டருக்குப் படிச்சான். அவனும் பதில் சொல்லிட்டான்."

"இப்ப எங்க?"

"அவங்க ஊர்ல. அவன் அப்பன் வீட்டு வாசலைக் கூட்டிக்கிட்டே இருக்கானாம். யார் என்ன சொன்னாலும் சரிங்கறானாம். மூணு தட்டு கேக்குற வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்."

"மூணு தட்டுனா என்ன?"

"எங்களுக்கு எப்படித் தெரியும்? அதெல்லாம் வேலைக்காரங்களுக்குத்தான் தெரியும்."

அன்று சாயங்காலம் வலெரியோ என்னிடம் சொல்லாமல், என் கிராமத்திலிருக்கும் ஒரே தொலைபேசிக்கு அழைத்து என் அம்மாவை வரச் சொன்னான்.

அம்மா பெயர் சாந்தூசா. நாற்பத்தைந்து வயது, இரட்டைச் சடை, வட்டத் தொப்பி, காலில் டயர் செருப்பு. உருளைக்கிழங்கு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஓடுகிறவள். மாதம் ஒருமுறை சந்தைக்கு வருவாள்; அங்கேயே என்னைப் பார்த்துவிட்டு லாரி ஏறிவிடுவாள். என் அறைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எந்தத் தெரு என்று கேட்டதும் இல்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் திரும்பினேன். அவள் நடை குறைந்தது. கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"இந்த வீடா?"

"ஆமாங்கம்மா."

என் அம்மாவை நான் பிறந்ததிலிருந்து 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முதுகைப் பார்த்தாள். பிறகு குட்டிக் கதவின் கைப்பிடியைப் பிடித்து லேசாகத் தூக்கித் தள்ளினாள். சத்தமில்லாமல் திறந்தது. ஐந்து மாதமாக அதைத் தோளால் இடித்துக்கொண்டிருக்கிறேன்.

"தூக்கித்தான் தள்ளணும்" என்றாள். "கதவு ஒக்காந்துருச்சு. அப்பவே அப்படித்தான்."

வாசல்நடை இருட்டில் மூட்டையை இறக்கினாள். கறைகளின் வரிசையில் கடைசியை, எல்லாவற்றையும்விடத் தாழ்வாக, ஒரு குழந்தையின் தலை உயரத்தில் இருந்ததை, கையால் தொட்டாள்.

"இது நான்."

நான் அந்தக் கறைக்கு முன்னால் குத்தவைத்தேன்.

"ஒம்போது வயசுல கொண்டாந்து விட்டாங்க. ஞானஸ்நானத்துக்கு நின்னு, ஞானப்பிள்ளையா வளத்துக்கறோம், பள்ளிக்கூடத்துல போடறோம்னு எங்கப்பன்கிட்ட சொன்னாங்க. ஞானப்பிள்ளைக்குப் படுக்கை இந்தக் கல்லு. அஞ்சு வருஷம்." அவள் குரலில் அழுகை இல்லை; உருளைக்கிழங்கு விலையைச் சொல்கிற குரல். "ஒரு தட்டுனா கதவு. ரெண்டுனா தண்ணி. மூணுனா பூட்ஸு. மண்டி போட்டுக் கழட்டணும். அப்ப மொகத்தைப் பாக்கக் கூடாது."

"நீங்க... நீ பாத்தியா?"

"ஒரு நாள் பாத்தேன்."

"பாத்தா?"

"கெழவன். அவ்வளவுதான்டா. வெறும் கெழவன். காதுல முடி. இதுக்கா அஞ்சு வருஷம் குனிஞ்சேன்னு இருந்துச்சு. எந்திரிச்சேன், கதவைத் தொறந்தேன், போயிட்டேன். பின்னாடி தட்டிக்கிட்டே இருந்தான். தெருமுனை வரைக்கும் கேட்டுது." மூட்டையிலிருந்து அவித்த சோளத்தை எடுத்து என் கையில் கொட்டினாள். "அன்னைக்கே செத்துட்டானாம். சந்தையில சொன்னாங்க."

"வருத்தமா இருந்துச்சாம்மா?"

"பின்ன? செருப்பில்லாம ஓடியாந்துட்டேன். அந்தச் செருப்பு புதுசு."

அறையிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட வலெரியோ இரண்டு தட்டுகள் வரும் என்று சொன்னான். அம்மா விரலை மடக்கி நாள் கணக்குப் பார்த்துவிட்டு, மூன்றாவது வாரம் பிறந்துவிட்டது, இன்று மூன்று என்றாள். இடுப்பில் சுற்றியிருந்த நெசவுக் கச்சையை அவிழ்த்தாள். ஒரு நுனியை என் மணிக்கட்டிலும் மறுநுனியைத் தன் மணிக்கட்டிலும் கட்டினாள்.

"மண்டி போட்டுட்டா எந்திரிக்க முடியாது. அதுக்கு முன்னாடி நான் பாத்துக்கறேன்."

பன்னிரண்டரை. தேவாலய மணிகள் ஓய்ந்தன. கடை ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசி ஷட்டருக்குப் பிறகு இந்த ஊரில் வரும் அமைதி இருக்கிறதே, அது வெறும் சத்தமின்மை இல்லை. ஏதோ ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது.

களிம்பு வாசனை வந்தது.

தட்டு.

என் கால்கள் எழுந்தன. நான் எழவில்லை, கால்கள்தான். மூட்டை தூக்கும் என் அம்மாவை என் ஒற்றைக் கை இழுத்துக்கொண்டு போனது. அவள் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த கையோடு இழுபட்டாள். வலெரியோ என் சட்டையைப் பிடித்தான். சட்டை கிழிந்து அவன் கையில் தங்கியது.

தட்டு. தட்டு.

கூடத்துக் கதவு திறந்தது. நாங்கள் இருவரும் உள்ளே போனோம். வலெரியோவின் முகத்தில் அறைந்ததுபோல் அது மூடிக்கொண்டது.

திரைச்சீலைகள் மூடிய கூடம். வெளியே எரிக்கிற வெயில். உள்ளே மூச்சு புகையாக வந்தது. துணி போர்த்திய கண்ணாடிகள். நடுவில் உயர்ந்த முதுகுள்ள தோல் நாற்காலி. அதற்கு முன்னால் வரிசையாக என் கையால் வைத்த டம்ளர்கள். தரை முழுவதும் விரல்கனத்துக்குத் தூசி. நாற்காலிக்கு நேர்முன்னால் மட்டும் தூசியில் இரண்டு பள்ளம்.

இரண்டு பூட்ஸ் அளவுக்கு.

நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் அதன் தோல் அமுங்கியிருந்தது.

மூன்று தட்டு. இந்த முறை என் முகத்துக்கு நேராக. காற்று கன்னத்தில் பட்டது.

என் முழங்கால் மடங்கியது. அதை நிறுத்த என்னிடம் எதுவும் இல்லை. நிறுத்த வேண்டும் என்ற எண்ணம்கூட மெல்ல நழுவியது. எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. குனிந்துவிட்டால் பரீட்சை இல்லை, பத்திரிகை இல்லை, எதையும் கேலி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. சரி என்றால் போதும். தூசியில் ஒரு பள்ளம் அழிந்தது. ஒரு கால் எனக்காகத் தூக்கப்பட்டுவிட்டது.

"ஏய், கெழவா."

அம்மா.

"இங்க பாரு. யாரு வந்துருக்கான்னு பாரு."

அவள் நாற்காலியை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

"அன்னைக்குக் கூப்ட்ட, வரல. முப்பது வருஷமாத் தட்டிப் பாத்துட்ட, வரல. இன்னைக்கும் நீ கூப்ட்டு வரல. என் புள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்தேன்." அவள் டம்ளர் வரிசையைச் சுற்றிப் போகவில்லை. ஊடாகவே நடந்தாள். டம்ளர்கள் உருண்டன, உடைந்தன, முப்பது வருடத் தூசி சேறானது. "எந்திரி."

ஒன்றும் நடக்கவில்லை.

"எந்திரின்னேன். நான் வயசானவ, நின்னுக்கிட்டா இருப்பேன்?"

சொல்லிவிட்டு, பாவாடையைத் தட்டிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாற்காலி இரண்டு முறை கிரீச்சிட்டது. ஒன்று அவள் உட்கார்ந்ததற்கு. இன்னொன்று, அதிலிருந்து யாரோ அவசரமாக எழுந்ததற்கு.

என் மணிக்கட்டுக் கச்சை தளர்ந்தது. பாதி மடங்கிய முழங்காலோடு அப்படியே நின்றேன். அம்மா காலை நீட்டினாள். டயர் செருப்பில் எங்கள் வயல் மண் அப்பியிருந்தது. அவள் இரண்டு கையையும் உயர்த்தினாள். களை பறித்தும் துணி துவைத்தும் மரத்துப்போன கைகள். அவை தட்டியபோது பலகையோடு பலகை மோதியதுபோல் இருந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

"கழட்டு."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் இதயம் தட்டுவதுதான் கேட்டது. தூசியில், செருப்புக்கு முன்னால், ஒரு பள்ளம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. வட்டமாக, முழங்கால் அளவில்.

செருப்பின் வார் தானாக மேலே ஏறியது. கொக்கியிலிருந்து கழன்றது. செருப்பு அவள் பாதத்திலிருந்து மெல்ல, மிக மெல்ல, பழக்கமில்லாத கைகள் செய்வதுபோல் தடுமாறி, இறங்கித் தரையில் நின்றது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறு கால்" என்றாள்.

இரண்டாவது செருப்பும் கழன்றது.

"மொகத்தைப் பாக்கணும்னா பாத்துக்கோ" என்றாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

யாரோ ஒருவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். அவ்வளவுதான். கதவு திறந்தது. என் முதுகு நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது ஒவ்வொரு எலும்பும் தன் பெயரைச் சொன்னது.

வாசலில் தோன்யா கிளோதில்தே, இரவல் வாங்கிய துணிச்சலோடு வலெரியோ. நாற்காலியில் ஒரு கிராமத்துப் பெண் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பதை வீட்டுக்காரம்மா பார்த்தார்.

"யாரு நீ?"

"ஞானப்பிள்ளை" என்றாள் அம்மா.

தோன்யா கிளோதில்தேயின் முகத்துக்கும் முத்துமாலைக்கும் நிறம் ஒன்றாகிவிட்டது. "தண்ணி ஏதாவது குடிக்கிறியா... குடிக்கிறீங்களா?" என்றார்.

"வேணாம். இங்கயே நெறைய இருக்கு."

அன்று மாலையே வலெரியோவும் நானும் மெத்தைகளைச் சுருட்டினோம். வாசல்நடையில் வலெரியோ நின்று விளக்கைத் தூக்கிக் காட்டினான். வரிசையின் கடைசியில், அம்மாவின் கறைக்குப் பக்கத்தில், புதிதாக ஒன்று. அகலமான தோள். தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம். விரலில் ஆரஞ்சு வாசனை.

"குட்டிக் கதவைத் தூக்கித் தள்ளு" என்றாள் அம்மா. தள்ள வேண்டியிருக்கவில்லை. அவள் பக்கத்தில் போனதும் அது திறந்தது. உள்ளேயிருந்து யாரோ தூக்கிப் பிடித்ததுபோல.

'கழுதையின் கருத்து' அடுத்த வியாழக்கிழமை வெளிவந்தது. துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டு மூன்று மணி நேரம் திட்டினார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

அதன்பிறகு நான் கைதட்டுவதில்லை. எதற்கும். விருந்தில், கால்பந்தில், பிறந்தநாளில். கர்வம் பிடித்தவன் என்கிறார்கள். கைகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவன் நான். எனக்கு ஒரு சேவகன் தேவையில்லை. தேவையாகிவிடுமோ என்பதுதான் என் பயம்.

மூன்று வருடம் கழித்துப் பட்டமளிப்பு விழா. அம்மா புதுத் தொப்பியோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் பேசி முடித்தார் துணைவேந்தர். மண்டபமே கைதட்டியது. நான் என் கைகளின்மேல் உட்கார்ந்துகொண்டேன். அம்மா உற்சாகமாகத் தட்டினாள். பலகையோடு பலகை.

"அம்மா, போதும்மா" என்றேன் மெதுவாக.

"ஏன்டா? எம் புள்ளைக்கு நான் தட்டக் கூடாதா?"

ஆரஞ்சு வாசனை வந்தது. கீழே பார்த்தேன்.

அவள் நாற்காலிக்கு அடியில் டயர் செருப்புகள் இரண்டும் ஜோடியாக, மண் துடைத்து, வாசலைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன.

அம்மாவும் பார்த்தாள். வெறுங்காலை நன்றாக நீட்டிச் சாய்ந்துகொண்டாள். "நான் அஞ்சு வருஷம் செஞ்சேன்" என்றாள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் தட்டவில்லை. சத்தியமாக ஒரு தட்டுகூடத் தட்டவில்லை.

என் ஷூவின் கயிறு மெல்ல அவிழ்ந்துகொண்டிருந்தது.